கெடும் பானமும் கெடாத பானமும்
வல்லக்கோட்டையிலிருந்து குடியின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

குடியின் வரலாற்றை நாம் இதுவரை ஒழுக்கத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். குடித்தவன் கெட்டான், குடியை விட்டவன் உயர்ந்தான் என்பதற்கு மேல் அது நகர்வதில்லை. காந்தியர்கள், திராவிட இயக்கத்தார், இடதுசாரிகள் என்று எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரே மொழியைப் பேசியிருக்கிறார்கள். 'யார் குடிக்கிறார்கள்' என்பதே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி. 'யார் காய்ச்சுகிறார்கள், காய்ச்சும் உரிமை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று' என்பது அரிதாகவே கேட்கப்பட்டது. உற்பத்தி உறவுகளைப் பற்றி இராப்பகலாகப் பேசுகிற நாமும்கூட, குடி என்று வந்துவிட்டால் நுகர்வை மட்டுமே பேசிவிட்டு எழுந்துபோய்விடுகிறோம்.

இக்கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதற்கு ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று உத்தேசம். நம் ஊரில் விளையாத கொடி அது. பெயர் ஹாப்ஸ்.

ஹாப்ஸ் கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கஞ்சாவைப் போலவே, பனையைப் போலவே, இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பச்சைச் செதில்களை அடுக்கி வைத்தாற்போலப் பெண் கொடியில் பூங்கூம்புகள் விடும். அவற்றுக்குள் ஒட்டியிருக்கும் மஞ்சள் தூளிலிருந்துதான் பீரின் கசப்பும் மணமும் வருகின்றன. கோடையில் 15, 16 மணி நேரப் பகலும், குளிர்காலத்தில் பனியில் உறங்கும் ஓய்வும் இதற்கு வேண்டும். ஆகவே ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்காவின் வடமேற்கு என்று குளிர்ந்த தேசங்களில்தான் இதன் ராஜ்யம். இந்தியாவில் காஷ்மீரிலும், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலும் பயிரிட்டிருக்கிறார்கள். வல்லக்கோட்டையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது.

இது தெரிந்தும் ஒருவர் இங்கே நட்டுப் பார்த்தார். ஒரகடத்து வாகன ஆலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் நண்பர் அவர். வேலைப் பயிற்சிக்காக ஜெர்மனி போய்வந்ததிலிருந்து, வீட்டிலேயே பீர் காய்ச்ச வேண்டும், அதற்குத் தன் கையால் வளர்த்த ஹாப்ஸ் வேண்டும் என்று ஓர் ஆசை. வாடகை வீட்டு மொட்டைமாடியில் தொட்டி வைத்தார். கொடி ஓராள் உயரம் ஏறியது. கூம்பு விடவில்லை. சித்திரை வெயிலில் கருகிற்று. அவர் சிரித்துவிட்டு அடுத்த பொழுதுபோக்குக்குப் போய்விட்டார். எனக்கோ விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மாடியில் நின்று பார்த்தால் ஏரிக்கரையில் மிச்சமிருக்கும் பனைமரங்கள் தெரியும். அவற்றின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் குற்றம். நண்பர் பீர் காய்ச்சியிருந்தாலும் சட்டப்படி அதே குற்றம்தான். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம், 4ஆம் பிரிவு. ஆனால் போலீஸ் மொட்டைமாடி ஏறிவருமா, ஏரிக்கரைக்கு வருமா என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஒரே செயல் ஒருவருக்குப் பொழுதுபோக்காகவும் இன்னொருவருக்கு வழக்காகவும் ஆவது எப்படி?

2

ஐரோப்பாவில் ஹாப்ஸ் பீருக்குள் வந்தது வெறும் சுவைக்காக அல்ல. அதற்கு முன்பு பல பகுதிகளில் 'கிரூட்' என்ற மூலிகைக் கலவையைப் போட்டுத்தான் காய்ச்சினார்கள். அதை விற்கும் உரிமை ஆயர்களிடமும் பிரபுக்களிடமும் இருந்தது. பானத்துக்குள் போடும் தழையே வரியாக இருந்தது என்று சொல்லலாம். 12ஆம் நூற்றாண்டில் ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியத் துறவினி ஹாப்ஸின் வேறொரு குணத்தை எழுதிவைத்தார்: இது பானத்தைக் கெடாமல் காக்கிறது. இன்றைய வேதியியலும் அதைத்தான் சொல்கிறது. தானியச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் உருமாறி, பானத்தைப் புளிக்கச்செய்து கெடுக்கும் நுண்ணுயிரிகளை அடக்குகின்றன.

இந்தக் 'கெடாமை'யை நாம் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். ஹாப்ஸ் சேராத ஆங்கிலேயரின் பழைய 'ஏல்' சில நாட்களில் புளித்துவிடும். ஆகவே அதைத் தொலைவுக்குக் கொண்டுபோக முடியாது, சேர்த்துவைக்க முடியாது, விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. அன்றன்றைக்கு, அந்தந்தத் தெருவுக்குக் காய்ச்ச வேண்டும். காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கு வடித்தது போக மிஞ்சியதை வாசலில் விற்பார்கள். ஜூடித் பென்னெட் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூலில், 1300க்கும் 1600க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தில் இந்தப் பெண்கள் எப்படிக் காய்ச்சும் தொழிலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். ஹாப்ஸ் சேர்த்த பீர் மாதக்கணக்கில் நிற்கும். நிற்கும் பானத்துக்குப் பெரிய கொப்பரை வேண்டும், பீப்பாய் வேண்டும், கிட்டங்கி வேண்டும், கடன் வேண்டும். இதெல்லாம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம் தொழில் போயிற்று. அவர்கள் ஆண்கள்.

கெடாத பானம் சரக்காயிற்று. நம்மூரில் மதுவுக்குச் 'சரக்கு' என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் மூலதனத்தின் முதல் அத்தியாயத்தைப் படிக்காமலேயே புரிந்துகொண்டவன்.

சரக்கானது அரசின் கண்ணிலும் பட்டது. பவேரியாவில் 1516ஆம் ஆண்டு ஆணை, பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. இங்கிலாந்தில் 1710இல் இயற்றிய சட்டத்தால் ஹாப்ஸ் மீது விதித்த வரி 1862 வரை நீடித்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்து ஹாப்ஸ் மிகுந்த பீர் கப்பலேறி, மாதக்கணக்கில் கடலில் குலுங்கி, கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கென்றே அவர் ஒரு பீரைக் கண்டுபிடித்தார் என்ற கதையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் பீர் வந்தது கதையல்ல. கம்பெனி துரைமார் சென்னையில் உட்கார்ந்து லண்டன் பீர் குடித்ததற்கு அந்தக் கொடி காரணம்.

ஒரு எச்சரிக்கை. கொடியின் மீது பழிபோடுவது என் நோக்கமல்ல. தொழில்நுட்பம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற சுலபமான முடிவுக்குப் போய்விடக் கூடாது. அதே ஹாப்ஸைத் தோட்டத்தில் வளர்த்துத் தங்களுக்கு மட்டும் காய்ச்சிக்கொண்ட குடியானவர் வீடுகளும் இங்கிலாந்தில் இருந்தன. 1880இல் பிரிட்டிஷ் அரசு வீட்டில் காய்ச்சுவதற்கும் உரிமம் கேட்டது. அது 1963இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை 1978இல்தான் மைய அரசு அனுமதித்தது. பெரிய ஆலைகள் சந்தையை முழுக்கப் பிடித்த பிறகே வீட்டுக் கொப்பரைக்கு மன்னிப்புக் கிடைத்தது. பிழைப்பாக இருந்தபோது நெரிக்கப்பட்டது, பொழுதுபோக்காகத் திரும்ப வந்தது. நண்பரின் தொட்டி இந்த இரண்டாவது வரலாற்றைச் சேர்ந்தது.

3

இனி நம்மூருக்கு வருவோம். பீர் நமக்கு அந்நியம், வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. ஹாப்ஸ் அந்நியம். முளைகட்டிய தானியத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி நொதிக்கவைப்பதுதான் பீர் என்றால், அது இந்தக் காஞ்சிச் சீமையில் ஐரோப்பியன் காலெடுத்து வைப்பதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு முன்பே காய்ச்சப்பட்டிருக்கிறது.

சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. எம்.ஏ. வகுப்பில் இதை எங்களுக்கு வள்ளல் தன்மைக்கும் ஐந்திணை வருணனைக்கும்தான் நடத்தினார்கள். காஞ்சியை நோக்கிப் போகும் பாணன் வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பிடுவான் என்று அந்தப் பாட்டு அடுக்குகிறது. அதில் வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் பானத்துக்குச் செய்முறையே இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, முளைநெல் மாவு என்று பெரும்பாலும் பொருள்கொள்ளப்படும் ஒன்றை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அரித்துப் பிழிந்து எடுப்பது. சமையல் குறிப்பைப் போலத் துல்லியமாக இருக்கிறது. மால்ட் என்று இன்று ஆலைகளில் சொல்வதும் முளைகட்டிய தானியத்தைத்தான். அதே பாட்டின் இன்னொரு இடத்தில் வீட்டிலேயே சமைத்த நெல்லுக்கள் வருகிறது. மற்றொரு இடத்தில், கடற்கரைப் பட்டினத்தில் கள் காய்ச்சும் பெண்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிக் குட்டிகள் புரள்கின்றன.

காய்ச்சியவர்கள் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். இடம் வீடு, அல்லது வீட்டை ஒட்டிய தெரு. காலம் இரண்டு நாள். ஹாப்ஸ் இல்லை, ஆகவே சேமிப்பு இல்லை. வழிப்போக்கனுக்கு மீனோடு சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு அது சாதாரணப் பண்டம். இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த வலைஞரும் அந்தப் பெண்களும் வேந்தனைப் போல வாழ்ந்துவிடவில்லை. ஆனால் காய்ச்சுவதற்கு அவர்கள் உரிமம் கேட்டு நிற்கவில்லை என்பதாவது தெரிகிறது.

இந்த நினைவு நம்மிடம் எப்படித் திரும்பி வந்தது என்பது இன்னொரு விசித்திரம். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டது 1889இல். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதையும் பாளை சீவுவதையும் குற்றமாக்கிய சென்னை ஆப்காரிச் சட்டம் 1886இல் வந்தது. இடைவெளி மூன்றே ஆண்டு. செய்முறை அச்சில் ஏறியபோது செயல் குற்றமாகியிருந்தது. பண்பாடு நூலகத்துக்குள் போயிற்று, அதைச் செய்த கை லாக்கப்புக்குள் போயிற்று. நம் மறுமலர்ச்சி வரலாறுகள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

4

நெல்லுக்கள் மறைந்த பிறகும் பனங்கள் நின்றது. ஏன் நின்றது? மரம் நின்றது, அதனால்.

கள்ளைப் போலக் கெடும் பானம் இன்னொன்று இல்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலுள்ள நுண்ணுயிரிகள் வேலையை ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை, அதாவது நூற்றுக்கு நாலைந்து பங்கு. மறுநாள் புளிப்பு, அப்புறம் காடி. காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குக் காத்திருக்காது என்பது மரமேறிகளுக்கெல்லாம் தெரிந்த பாடம். இதற்கு ஹாப்ஸ் போல ஒரு காப்பு கிடையாது. சுண்ணாம்பு இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சாறு நொதிக்கவே நொதிக்காது, பதனீராகிவிடும். ஹாப்ஸ் போதையைக் கெடாமல் காக்கிறது, சுண்ணாம்பு போதையே வராமல் காக்கிறது. இன்றைய சட்டத்தில் அனுமதிக்கும் குற்றத்துக்கும் நடுவே இருப்பது கலயத்துக்குள் தடவிய அந்த வெள்ளைப் பூச்சுதான்.

சரக்காக மறுக்கும் இப்பானத்தை வைத்துக்கொண்டு வெள்ளை அரசு என்ன செய்வது? பானத்தை அளக்க முடியாது. ஆகவே மரத்தை எண்ணினார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று வரி, கடைக்கு ஏலம். மரமேறுகிறவர் ஏலதாரரின் கூலியாகவோ கடனாளியாகவோ ஆனார். சாராயத்தில் இந்தத் தொல்லை இல்லை. வடித்த சாராயம் கெடாது, அளக்கலாம், அடைக்கலாம், முத்திரை வைக்கலாம். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையோடு வடிசாலையும் சேர்ந்து வளர்ந்தது இந்தத் தர்க்கத்தில்தான். மேல்தட்டுக்குப் பீர். நீலகிரியிலும் பெங்களூரிலும் பட்டாளத்துக்காகத் தொடங்கிய ஆலைகள் உட்பட ஐந்தை இணைத்து, தாமஸ் லீஷ்மன் 1915இல் யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார். ஆக மூன்று படிகள்: மரத்தடியில் கள், கடையில் சாராயம், கிளப்பில் பீர். சாதியும் வர்க்கமும் குவளையிலேயே தெரிந்தன. மரமேறியின் சாதிக்கு இழிவு, ஆலை முதலாளிக்கு மரியாதை.

5

மதுவிலக்கு இந்தப் படிக்கட்டை இடித்தது என்று நாம் நம்புகிறோம். தேதிகள் வேறு கதை சொல்கின்றன.

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த ஆப்காரி வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அதாவது, மது குடித்தவனிடம் வாங்கியதை உப்பு புளி வாங்கியவனிடம் வாங்க ஆரம்பித்தார்கள். போர்க்காலத்தில் தளர்ந்து, 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி அரசு அதை நிறுத்திவைத்துக் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. ஆலையில் தயாரான 'இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது'வுக்கு அன்றைக்குத் தடை இல்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்குப் போயிற்று. 2023–24இல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

திறக்கும்போது எல்லாம் உள்ளே வந்தன. மூடும்போது கெடும் பானம் நிரந்தரமாக வெளியே போயிற்று. நூற்றுக்கு நாலைந்து பங்கு போதையுள்ள கள் குற்றம், 42.8 பங்குள்ள பிராந்தி அரசுச் சரக்கு. உடல்நலம்தான் அளவுகோல் என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? அளக்க முடிவது, அடைக்க முடிவது, சேமிக்க முடிவது எதுவோ அதுவே சட்டபூர்வம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது.

இதை விளங்கிக்கொள்ள வல்லக்கோட்டைக்காரர்கள் தூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே மேவளூர்க்குப்பத்திலும் படப்பையிலும் மதுபான ஆலைகள் எழுந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் பரவி, ஏரிப் பாசன நிலங்கள் மனைகளாயின. ஏரிக்கரைப் பனை சாலைக்கும் சூளைக்கும் போயிற்று. 2021இல்தான் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஷிஃப்டு முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி, அவன் திருவண்ணாமலைக்காரனாக இருக்கட்டும், ஒடிசாக்காரனாக இருக்கட்டும், குடிக்க நினைத்தால் அவனுக்கு முன்னால் இருப்பது ஒரே கவுண்ட்டர். நிலம் ஆலைக்கு, உழைப்பு ஆலைக்கு, உழைப்பின் களைப்பைத் தீர்க்கும் பானமும் ஆலையிலிருந்து. இதைவிடச் சுற்று முடிந்த ஒரு பொருளாதாரத்தைப் பாடப் புத்தகத்தில்கூடக் காண முடியாது.

6

தோழர்கள் மறுப்பார்கள் என்று தெரியும். குறிப்பாகத் தோழியர்.

குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிவாங்குகிற பெண்ணுக்கு அது கெடும் பானமா கெடாத பானமா என்ற ஆராய்ச்சி எதற்கு? நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு எழுதும் எந்தக் குடி வரலாறும் ஆண்களின் வரலாறுதான். ஆனால் அந்தப் பெண்கள் எதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள் என்று பாருங்கள். 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா பெண்கள் எதிர்த்தது, அரசே பாக்கெட்டில் அடைத்துக் காண்டிராக்டர் மூலம் வீட்டு வாசல்வரை அனுப்பிய சாராயத்தை. 2015 ஜூலையில் குமரி மாவட்டத்தில் காந்தியர் சசிபெருமாள் உயிர்விட்டது ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிய போராட்டத்தில். பெண்களின் எதிரியாக நின்றது பானையை விட அதிகமாய்ச் சரக்கு.

கள்ளச்சாராயச் சாவுகளைச் சொல்வார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். இவர்களைக் கொன்றது மெத்தனால். அது பனையில் சொட்டுவதல்ல, முளைநெல்லில் விளைவதுமல்ல. தொழிற்சாலைகளுக்கென்று தயாராகும் ரசாயனம். தடையினால் உண்டான வெற்றிடத்துக்குள் மறுபடியும் ஆலைதான் வந்து உட்கார்ந்திருக்கிறது, இந்த முறை கறுப்புக் கேனில். செத்தவர்கள் டாஸ்மாக் விலை கொடுக்க முடியாத கூலிகள்.

மூன்றாவது மறுப்பு எனக்கே உள்ளது. கள்ளுக்குத் தடை நீங்கினால் மரமேறுவது மீண்டும் ஒரு சாதியின் தலையெழுத்தாகாதா? பழைய ஏலதாரர் புதிய காண்டிராக்டராகத் திரும்பி வரமாட்டாரா? வருவார். 'கள் நம் பண்பாடு' என்று மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் மரமேறுகிறவருக்குக் காப்பீடும் கூலியும் பேசுகிறார்கள்? மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவனைப் பண்பாடு தூக்கி நிறுத்தாது. எனவே பண்பாட்டு வாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையைக் காட்டியது பெருமை பேசுவதற்காக அல்ல. காய்ச்சும் உரிமை ஒரு காலத்தில் யாரிடம் இருந்தது என்பதற்குச் சாட்சியாகத்தான்.

7

நான் கேட்பது இதுதான். மதுவிலக்கா, மதுவா என்ற பழைய எதிர்வில் நாம் இனியும் அகப்பட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் முடிவெடுப்பவர் ஒருவரே: அரசு. திறந்தாலும் அதன் சாவி, மூடினாலும் அதன் பூட்டு. காய்ச்சுவது, விற்பது, வேண்டாம் என்று நிறுத்துவது ஆகிய மூன்று அதிகாரங்களும் ஊரிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் பிடுங்கப்பட்டவை. ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டால் போதாது. ஓர் ஊரில் கள் இறக்குவதா என்பதை அந்த ஊர்க் கிராமசபை, அதிலும் பெண்கள், தீர்மானிக்கட்டும். இறக்குவதென்றால் மரமேறுகிறவர்களின் கூட்டுறவு இறக்கட்டும், ஏலம் வேண்டாம். அதே கிராமசபை எங்கள் ஊரில் டாஸ்மாக் வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் சட்டத்தின் பலம் இருக்கட்டும். கெடும் பானத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது ஊரை விட்டுத் தொலைவு போகாது, ஒருவர் கையில் குவியாது, பட்ஜெட்டில் 45,000 கோடியாகவும் ஆகாது. அதை அனுமதிக்க அரசு தயங்குவதற்கு அதன் போதையை விட இந்தக் குணமே பெரிய காரணம் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.